கோடிங் கத்துக்க கடன் வேண்டாம், கணக்கு சரிபார்க்கத் தெரிஞ்சா போதும்



“சார், நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். மாசம் 32,000 சம்பளம். ஏஐ வந்துடுச்சு, கோடிங் தெரியலைன்னா வேலை போயிடும்னு சொல்றாங்க. எந்த லாங்வேஜ்ல ஆரம்பிக்கலாம்? ஒரு கோர்ஸ் 1,20,000 ரூபாய், ஈஎம்ஐ இருக்காம். சேரலாமா?”

எஸ்ஐபி பத்தி வீடியோ போட்டாலும் சரி, வரி பத்திப் போட்டாலும் சரி, இப்போ கமெண்ட்ல இந்த மாதிரி ஒரு கேள்வி வந்துடுது. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் இல்லை, சிஏ. அதனால ஒரு சிஏ பார்க்கிற மாதிரியே இதைப் பார்க்கப் போறேன். முதல்ல செலவு, அப்புறம் வரவு, கடைசியா ரிஸ்க்.

என் கருத்தை ஆரம்பத்துலயே சொல்லிடறேன். கோடிங் கத்துக்கோங்க. ஆனா அதுக்காகக் கடன் வாங்காதீங்க. லாங்வேஜ் இலவசம். ஆரம்ப நிலைக்குத் தேவையான ஏஐ டூல்களும் இலவசமாவே கிடைக்குது. ஏஐ எழுதித் தர்ற கோட் சரியா தப்பான்னு பார்க்கத் தெரியுறதுதான் இன்னைக்கு விலை உள்ள திறமை. அதுல பாதி, உங்க வேலை மூலமா உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

முதல்ல அந்த ஈஎம்ஐ கணக்கு

ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து கோர்ஸ் கட்டணம் 1,20,000 ரூபாய்னு வைத்துக்கொள்வோம். “வெறும் 12 சதவீதம் ஃப்ளாட் வட்டி சார், 24 மாசம்” என்று போனில் பேசுபவர் சொல்வார். வருஷத்துக்கு 14,400, ரெண்டு வருஷத்துக்கு 28,800 வட்டி. மொத்தம் 1,48,800. மாசம் 6,200 ரூபாய்.

இது நிஜத்துல 12 சதவீதமா? இல்லை. மாசாமாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா வட்டி மட்டும் முழு 1,20,000-க்கும் போட்டுட்டாங்க. எக்செல்ல ரேட் ஃபார்முலாவைத் திறந்து 24 மாசம், மைனஸ் 6,200, 1,20,000 என்று கொடுத்து, வர்ற விடையை 12-ஆல் பெருக்கிப் பாருங்க. வருஷத்துக்கு சுமார் 21.6 சதவீதம் வரும். நல்ல சிபில் ஸ்கோர் இருக்கிறவருக்கு பேங்க்ல பர்சனல் லோனே இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

“நோ காஸ்ட் ஈஎம்ஐ” என்றால் சந்தோஷப்படாதீங்க. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு தள்ளுபடின்னு கேளுங்க. அந்தத் தள்ளுபடிதான் பெரும்பாலும் மறைஞ்சிருக்கிற வட்டி.

அடுத்தது ரொம்ப முக்கியம். கோர்ஸ் நடத்துறது ஒரு கம்பெனி, கடன் தர்றது வேற ஒரு நிதி நிறுவனம். கிளாஸ் பிடிக்காம நீங்க நின்னாலும், கோர்ஸ் கம்பெனியே மூடினாலும், கடன் உங்க பேர்ல தொடர்ந்து ஓடும். ஈஎம்ஐ தவறினால் சிபில் ஸ்கோர் அடி வாங்கும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உங்க முன்னாடி வந்து நிற்கும். 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடன்களுக்கு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் தரணும், அதுல ஏபிஆர் என்ற உண்மையான வருஷ வட்டியைக் காட்டணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஒருவேளை கடன் வாங்கித்தான் ஆகணும்னா, அந்த ஒரு பக்கத்தைப் படிக்காம ஓடிபி சொல்லாதீங்க.

வரிச் சலுகை வரும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு புது வரி முறையில் கிடையாது. பழைய முறையிலும் எல்லா கோர்ஸ் கடனும் அதுக்குள்ள வராது.

1,48,800 ரூபாய் என்பது 32,000 சம்பளம் வாங்குறவருக்கு நாலரை மாச சம்பளம். நம்ம சேனல்ல திரும்பத் திரும்பச் சொல்ற எமர்ஜென்சி ஃபண்டே அவ்வளவுதான். வேலை போயிடுமோன்னு பயந்து, வேலை போனா காப்பாத்த வேண்டிய பணத்தை எடுத்துக் கொடுக்கிறதுல என்ன லாஜிக் இருக்கு?

இன்னொரு பக்கமும் பாருங்க. ஐடிக்குள்ள நுழைஞ்சுட்டா பாதுகாப்பு என்ற எண்ணமே இப்போ ஆட்டம் கண்டிருக்கு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். பல வருஷம் கோடிங் அனுபவம் இருக்கிறவங்களே யோசிக்கிற நேரத்துல, ஆறு மாச சான்றிதழை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விடாதீங்க.

எதுக்காகக் கத்துக்கப் போறீங்க?

லாங்வேஜ் எதுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் வேணும். ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு, கோடிங்கையே வேலையா மாத்திக்கிறது. இன்னொண்ணு, இப்போ பார்க்கிற வேலைக்குள்ள கோடிங்கைக் கொண்டு வர்றது.

முதல் பாதை தப்பில்லை. ஆனா அது ரெண்டு மூணு வருஷ உழைப்பு. இதைப் படிக்கிற பெரும்பாலானவங்களுக்கு ரெண்டாவது பாதைதான் லாபம் என்பது என் கருத்து. பேரோல்ல இருக்கிறவருக்கு பிஎஃப் எப்படிப் பிடிக்கணும்னு தெரியும். பேங்க்ல இருக்கிறவருக்கு எந்த லோன் ஃபைல்ல எந்தத் தப்பு வரும்னு தெரியும். ஜிஎஸ்டி பார்க்கிறவருக்கு பர்ச்சேஸ் ரிஜிஸ்டரும் 2பி-யும் ஏன் ஒத்துப்போகலைன்னு தெரியும். புதுசா கோடிங் படிச்சு வர்ற பையனுக்கு இது எதுவும் தெரியாது. அந்த அறிவோட கொஞ்சம் கோடிங் சேர்ந்தா அதுதான் உங்க பலம். பத்து வருஷம் கட்டின வீட்டை இடிச்சுட்டுப் புது மனை தேட வேண்டாம், மாடி ஒண்ணு எழுப்பினால் போதும்.

எந்த லாங்வேஜ்?

எக்செல்ல இஃப் ஃபார்முலா போட்டிருக்கீங்களா? விலுக்அப் போட்டிருக்கீங்களா? அப்படின்னா நீங்க ஏற்கெனவே கோடிங் பண்றீங்க. “இது இப்படி இருந்தா அதைச் செய், இல்லைன்னா இதைச் செய்” என்பதுதான் எல்லா லாங்வேஜுக்கும் அடிப்படை. அதனால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்ற பயத்தை விடுங்க.

அடுத்த படி, என் ஓட்டு பைத்தானுக்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ராசம் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. மலைப்பாம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடி குழுவின் பேரை வைத்தார். எழுத்து நடை எளிது, குறியீடுகள் குறைவு, படிச்சாலே பாதி புரியும். பல எக்செல் ஃபைல்களைத் திறந்து ஒண்ணா சேர்க்கிறது, லட்சக்கணக்கான வரிகளை ஒப்பிடுறது மாதிரி வேலைக்கு பாண்டாஸ் என்று ஒரு இலவசத் தொகுப்பு இதில் இருக்கு. சம்பளக்காரர்களுக்கு அதுதான் பெரிய வரம். கூகுள் கோலாப்ல பிரவுசரிலேயே எழுதி ஓட்டலாம். ஆபீஸ் லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ண அட்மின் அனுமதி இல்லைன்னு சொல்ற பிரச்சினை வீட்டு லேப்டாப்ல படிக்கும்போது உங்களுக்கு இருக்காது. மெதுவான பழைய லேப்டாப்பும் போதும்.

ரெண்டாவதா எஸ்க்யூஎல். 1970-களில் ஐபிஎம்ல பிறந்தது. ஐம்பது வருஷமா உயிரோட இருக்கு. ஈஆர்பி, பேங்கிங் சாஃப்ட்வேர் மாதிரி பெரிய சிஸ்டங்களுக்குப் பின்னாடி இருக்கிற டேட்டாபேஸ்கள்ல பெரும்பாலானவை இதைத்தான் பேசுது. “ஏப்ரல்ல 50,000-க்கு மேல போன எல்லா பேமெண்ட்டும் கொடு” என்று கேட்கிற அளவுக்குத் தெரிஞ்சா, ரிப்போர்ட்டுக்காக ஐடி டீம் பின்னாடி அலைய வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்ட், வெப்சைட் பக்கம் ஆசை இருந்தால் மட்டும். கூகுள் ஷீட்ஸ்ல ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று வர்றதும் இதேதான். ஜாவா, சி பிளஸ் பிளஸ் எல்லாம் நல்ல லாங்வேஜ்கள். ஆனா அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவர் அதில் ஆரம்பிச்சா மூணாவது வாரத்துல விட்டுடுவார். வீட்டில் எட்டு, பத்து வயசுப் பிள்ளைகள் இருந்தால் எம்ஐடியில் உருவான ஸ்கிராட்ச் காட்டுங்க, அதுவும் இலவசம்.

எங்கே படிக்கிறது? ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்புகள் இலவசம், அதில் பைத்தானுக்கே தனி கோர்ஸ் இருக்கு. என்பிடெல்ல ஐஐடி ரோபாரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’ ஆரம்ப நிலைக்காரர்களுக்கானது. படிக்கிறது இலவசம், தேர்வு எழுதி சான்றிதழ் வேணும்னா மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். தமிழில் படிக்கணும்னா கணியம் அறக்கட்டளையின் தளத்துல ‘எளிய தமிழில்’ வரிசை மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கும்.

கோட் ஓடுச்சு, ஆனா சரியா?

இப்போ ஏஐக்கு வருவோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் எதைக் கேட்டாலும் பத்து செகண்ட்ல கோட் வந்துடும். 2025 பிப்ரவரியில் ஆண்ட்ரே கர்பாத்தி இதுக்கு ‘வைப் கோடிங்’ என்று பேர் வைத்தார். கோடைப் பார்க்காமலே, கேட்டுக் கேட்டு சாஃப்ட்வேர் செய்வது. விளையாட்டுக்கு ஒரு ஆப் செய்ய நல்லா இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட விஷயத்துல?

காமர்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு பழைய பாடம் ஞாபகம் இருக்கும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகுது என்பதாலேயே கணக்கு சரின்னு அர்த்தம் இல்லை. ஒரு பில்லையே பதிவு செய்யாம விட்டாலும் டேலி ஆகும். ரிப்பேர் செலவை மெஷின் கணக்குல எழுதினாலும் டேலி ஆகும். கோடும் அதேதான். எரர் வராம ஓடுது என்றால் டேலி ஆயிடுச்சு, அவ்வளவுதான். சரியா இருக்கா என்பது தனிக் கேள்வி.

மூணு உதாரணம் சொல்றேன். நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒண்ணு, எஸ்ஐபி. மாசம் 10,000 ரூபாய், 20 வருஷம், வருஷத்துக்கு 12 சதவீதம், ஒவ்வொரு மாச ஆரம்பத்துலயும் முதலீடு. கால்குலேட்டர் எழுதித் தான்னு ஏஐகிட்ட கேட்கிறீங்க. 12-ஐ 12-ஆல் வகுத்து மாசம் 1 சதவீதம்னு எடுத்தா விடை சுமார் 99.91 லட்சம். வருஷக் கடைசியில் சரியா 12 சதவீதம் வர்ற மாதிரி கூட்டு வட்டி முறையில் மாத விகிதம் எடுத்தா அது 0.949 சதவீதம், விடை சுமார் 91.99 லட்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட 8 லட்சம். ரெண்டு கோடும் அழகா ஓடும், சிவப்பு எழுத்து ஒண்ணும் வராது. ஃபண்டோட வருஷ வருமானம் 12 சதவீதம்னு நீங்க நினைச்சுக் கேட்டிருந்தா ரெண்டாவதுதான் சரி. எது வேணும்னு தெரிஞ்சிருக்க வேண்டியது நீங்கதான்.

ரெண்டு, வருமான வரி. 2025-26 நிதியாண்டு, புது வரி முறை. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக உங்க வரிக்குரிய வருமானம் 12,10,000 ரூபாய். ஸ்லாப் படி முதல் 4 லட்சத்துக்கு இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 10,000-க்கு 15 சதவீதம், அதாவது 1,500. மொத்தம் 61,500, செஸ் சேர்த்து 63,960. இப்படித்தான் சாதாரணமா எழுதின கோட் விடை தரும். ஆனா சட்டத்துல மார்ஜினல் ரிலீஃப் இருக்கு. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, வரி அதைத் தாண்டக் கூடாது. ஆக வரி 10,000, செஸ் 400, மொத்தம் 10,400 தான். ஒரே ஒரு நிபந்தனை விட்டுப்போனதுக்கு 53,560 ரூபாய் வித்தியாசம்! சில நேரம் ஏஐ முந்தின வருஷ ஸ்லாபையே போட்டும் தரும். அது எந்தத் தேதி வரை படிச்சுதோ அதுவரைக்கும்தான் அதுக்குத் தானா தெரியும்.

மூணு, சில்லறை விஷயம், ஆனா பேரோல்ல தலைவலி. பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் தசமத்தை இரும எண்ணா சேமிக்கிறதால வர்ற விளைவு. 2.5-ஐ ரவுண்ட் பண்ணச் சொன்னா பைத்தான் 2 என்கும், எக்செல் 3 என்கும். சரிபாதியா வந்தால் பைத்தான் பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 800 பேரோட சம்பளத்துல அங்கங்கே ஒவ்வொரு ரூபாய் உதைச்சா, காரணம் இதுவாகவும் இருக்கலாம். தெரியாதவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் தேடுவார்.

ஏஐக்கு ஆர்ட்டிக்கிள்ஸ் வேலை கொடுங்க

சிஏ ஆபீஸ்ல ஆர்ட்டிக்கிள்ஸ் பசங்கதான் ராப்பகலா ஒர்க்கிங் போடுவாங்க. சுறுசுறுப்பா இருப்பாங்க, புத்திசாலியா இருப்பாங்க, தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே சில சமயம் எழுதி வைப்பாங்க. ஆனா கடைசியில் கையெழுத்து, மெம்பர்ஷிப் நம்பர், யுடிஐஎன் எல்லாம் சிஏவோடது. நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியது அவர்தான். “பையன் போட்டான் சார்” என்பது பதில் ஆகாது.

ஏஐயையும் அந்த இடத்துல வையுங்க. வேகமா வேலை வாங்கிக்கோங்க, கையெழுத்து உங்களோடதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. நாளைக்கு உங்க மேனேஜர் “இந்த நம்பர் எப்படி வந்தது?” என்று கேட்டால், “சாட்ஜிபிடி சொல்லுச்சு” என்பதும் பதில் ஆகாது.

சரிபார்க்க நாலு வழி, எல்லாம் ஆடிட்ல பழகினதுதான். சின்ன டேட்டாவுல, கையால் கணக்கு போட முடிகிற மூணு வரியில் ஓட்டிப் பார்க்கணும். எல்லையில் நிற்கிற எண்களைக் கொடுக்கணும், அதாவது சரியா 12,00,000, அப்புறம் 12,00,001, அப்புறம் பூஜ்யம், அப்புறம் காலி செல். உள்ளே போன வரிகளின் எண்ணிக்கையும் மொத்தமும் வெளியே வந்ததோட டேலி ஆகுதான்னு பார்க்கணும். கடைசியா ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு நீங்களே ஒருத்தருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லணும். விளக்க முடியாத வரி இருந்தா அந்த கோடை ஆபீஸுக்குக் கொண்டு போகாதீங்க.

“ஏஐ இருந்தா வேகம் பிச்சுக்குமே சார்?” என்று கேட்கலாம். 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை வைத்து, அவங்க நன்கு பழகின ப்ராஜெக்ட்களில் ஒரு சோதனை செய்தது. ஏஐயோட வேலை பார்த்தபோது 20 சதவீதம் வேகமா முடிச்சதா அவங்க நினைச்சாங்க. அளந்து பார்த்தபோது 19 சதவீதம் மெதுவாக முடிச்சிருந்தாங்க. சின்ன ஆய்வுதான், அன்றைய டூல்களை வைத்து நடந்தது, எல்லாருக்கும் இது பொருந்தும்னு நான் சொல்லலை. ஆனா வேகமா இருக்கிற மாதிரி ஒரு உணர்வும் நிஜ வேகமும் வேற வேறன்னு எடுத்துக்கலாம். போர்ட்ஃபோலியோ ஏறுற மாதிரி தெரியுறதும் நிஜ எக்ஸ்ஐஆர்ஆரும் வேறன்னு நாம பேசினோமே, அதே கதை.

பன்னிரண்டு வாரம், ஒரு மணி நேரம்

வாரத்துக்கு அஞ்சு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். பன்னிரண்டு வாரத்துல 60 மணி நேரம். அவ்வளவுதான் நான் கேட்கிற முதலீடு.

முதல் நாலு வாரம் பைத்தான் அடிப்படை. இந்த நாலு வாரமும் ஏஐயை கோட் எழுத விடாதீங்க, டீச்சரா மட்டும் வையுங்க. “நான் கத்துக்கிட்டு இருக்கேன். விடையைத் தராதே. என் தப்பு எந்த இடத்துல இருக்குன்னு குறிப்பு மட்டும் கொடு, தமிழில் விளக்கு” என்று எழுதுங்க, அப்படியே செய்யும். சிஎஸ்50 கோர்ஸ்லயே ஒரு ஏஐ வாத்து வைத்திருக்காங்க. நேரடி விடை தராம கேள்வி கேட்டு வழிகாட்டுறதுதான் அதோட வேலை. ஹார்வர்டே அப்படிச் செய்யுதுன்னா காரணம் இருக்கு. ஆரம்பத்துலயே விடையைக் காப்பி அடிச்சா, பின்னாடி தப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணு வளராது.

அஞ்சாவது வாரத்திலிருந்து எட்டு வரை உங்க சொந்தப் பணம்தான் பாடப்புத்தகம். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை சிஎஸ்வி-ஆக டவுன்லோட் பண்ணி, ஸ்விக்கிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, யுபிஐ சில்லறைச் செலவு எவ்வளவுன்னு பிரிக்கிற கோட் எழுதுங்க. அடுத்து பிஎஃப். பேசிக் 20,000-க்கு 12 சதவீதம் பிடிச்சா உங்க பங்கு மாசம் 2,400. உங்க பாஸ்புக்கில் பன்னிரண்டு மாசமும் அது வந்திருக்கா? 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். மாசாமாசம் இருப்புல கணக்கிட்டு வருஷக் கடைசியில் வரவு வைப்பாங்க. நீங்க போட்ட கணக்கும் பாஸ்புக்கும் ஒத்துப் போகுதா பாருங்க. ஒத்துப்போற அந்த நிமிஷம் கிடைக்கிற சந்தோஷம் எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

கடைசி நாலு வாரம் ஏஐயை எழுத விடுங்க. ஆபீஸ்ல மாசாமாசம் ஒரே மாதிரி செய்ற ஒரு வேலையை எடுங்க. பேங்க் ரீகன்சிலியேஷன், கிளைகளின் ரிப்போர்ட்டைச் சேர்க்கிறது, அட்டெண்டன்ஸ் சரிபார்க்கிறது, ஏதாவது ஒண்ணு. டம்மி டேட்டா செய்து, ஏஐயோட சேர்ந்து கோட் எழுதி, மேலே சொன்ன நாலு சோதனையும் போடுங்க. ரெண்டு நாள் வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சா, அதை அப்ரைசல்ல எழுதிக் கொடுங்க. “பைத்தான் சான்றிதழ் வாங்கினேன்” என்பதைவிட “மாசம் 14 மணி நேரம் மிச்சம் பண்ணினேன்” என்ற வரிதான் இன்கிரிமெண்ட் பேசும்.

பர்ஸும் டேட்டாவும் பத்திரம்

ஆரம்பத்துல எந்த ஏஐ டூலுக்கும் பணம் கட்டாதீங்க. எல்லா பெரிய டூல்களிலும் இலவச அளவு இருக்கு. கிட்ஹப் கோபைலட்டும் 2024 டிசம்பர்ல இலவசத் திட்டம் கொண்டு வந்தது. 2025-ல் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவும், ஜியோவில் ஜெமினி ப்ரோவும் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமா வந்தது. இந்த மாதிரி சலுகை கிடைச்சா வாங்கிக்கோங்க, தப்பில்லை. ஆனா கார்டோ யுபிஐ ஆட்டோபேவோ கொடுத்து ஆரம்பிச்ச எந்த இலவசத்துக்கும் முடியிற தேதியை காலண்டர்ல குறிச்சு வையுங்க. மாசம் 2,000 ரூபாய் என்பது வருஷத்துக்கு 24,000. மறந்துபோன சந்தா ஒண்ணு உங்க எஸ்ஐபியையே தின்னுடும்.

அதைவிட முக்கியம் டேட்டா. சக ஊழியர்களோட சம்பளப் பட்டியல், பான், ஆதார், கஸ்டமர் லிஸ்ட், கம்பெனி கோட் எதையும் ஏஐ சாட்ல ஒட்டாதீங்க. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனியோட ரகசிய கோடை சாட்ஜிபிடியில் போட்டது தெரிஞ்சு, அந்த நிறுவனம் இந்த மாதிரி டூல்களுக்கே தடை போட்டது. உங்க ஆபீஸ் பாலிசி என்னன்னு முதல்ல கேளுங்க. பேரும் நம்பரும் மாத்தின டம்மி டேட்டா இருந்தா கோட் எழுத அதுவே போதும்.

அப்போ காசு கொடுத்துப் படிக்கிறதே தப்பா?

இல்லை. “காசு கட்டினாத்தான் சார் நான் உட்கார்ந்து படிப்பேன்” என்று சொல்றவங்க இருக்காங்க, அது நேர்மையான காரணம். நேரடியா ஒரு டீச்சர், கூடப் படிக்க நாலு பேர், இதெல்லாம் மதிப்புள்ள விஷயம்தான். இப்படிப் படிச்சு நல்ல வேலைக்குப் போனவங்களும் உண்டு. என் நிபந்தனை மூணு. முதல்ல இந்தப் பன்னிரண்டு வாரத்தை முடிச்சிருக்கணும், அப்போதான் உங்களுக்கு இது பிடிக்குதான்னு தெரியும். கட்டணம் கையில் இருக்கிற பணத்துல இருந்து போகணும், எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்தோ கடன்ல இருந்தோ இல்லை. ரீஃபண்ட் விதியும் ‘வேலை உத்தரவாதம்’ என்பதோட அர்த்தமும் எழுத்துல இருக்கணும், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ல இல்லை.

“ஏஐயே எல்லாத்தையும் எழுதிடுமே, நான் எதுக்குக் கத்துக்கணும்?” என்பது எதிர்ப்பக்கக் கேள்வி. டேலி வந்தபோதும் அக்கவுண்டன்ட் வேண்டாம்னு சொன்னாங்க. லெட்ஜர் எழுதுற வேலை போச்சு, லெட்ஜரைப் படிச்சுத் தப்பைப் பிடிக்கிறவருக்கு வேலை இருந்தது. எழுதுறது மலிவாக மலிவாக, சரிபார்க்கிறவருக்குத் தேவை கூடும்னு நான் நம்புறேன். இது என் கணிப்பு, கேரண்டி இல்லை. ஆனா இந்தக் கணிப்பு தப்பாப் போனாலும் உங்க நஷ்டம் 60 மணி நேரம். ஈஎம்ஐ போட்டுப் போன கணிப்பு தப்பானா நஷ்டம் 1,48,800 ரூபாயும் சிபில் ஸ்கோரும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய ஒரே ஒரு வேலை. கோர்ஸ்காரர் அனுப்பின ஈஎம்ஐ விவரத்தை எடுத்து, எக்செல்ல அந்த ரேட் ஃபார்முலாவைப் போடுங்க. வர்ற சதவீதத்தை கமெண்ட்ல எழுதுங்க, கம்பெனி பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும். அதே கணக்கை பைத்தான்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் உங்க நம்பர்களை வைத்தே பார்ப்போம்.